குப்புறப் படுத்துக் கேட்ட ஆல்பங்களும் நேரில் பார்த்த ஒரு தனியும்

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். அக்காவின் முழங்கால் தேவலை என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். சின்னவன் வயலின் கேட்கிறானாமே, உடனே வாங்கிக் கொடு. உன் கிட்டாரை வைத்து அந்த வீடு பட்ட பாடு போதும்.

படுக்கைப் புண் ஆறிவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். தோல் முழுக்க மூடிவிட்டது, உட்காரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலில் கால் மணி நேரம், இறங்கிப் படுத்துத் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது, அப்புறம் அரை மணி நேரம், இப்படியே ஏற்றிக்கொண்டு வந்து, போன சனிக்கிழமை ஒரு முழுக் கச்சேரிக்கு உட்கார்ந்துவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். ஆனால் நீ போன கடிதத்தில் "படுத்துக்கொண்டு என்னதான் கேட்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் சொல்லாமல் கச்சேரிக்குத் தாவினால், பாட்டைத் தாண்டக் கூடாது என்பாரே, அந்தக் கேசட் அண்ணன் மன்னிக்க மாட்டார். ஏ பக்கம் முடிந்த பிறகுதான் பி பக்கம்.

புண் வந்த காரணம் என்ன தெரியுமா? சக்கர நாற்காலியில் நான் உட்காரும் ஏர் குஷனில் ஒரு ஊசித்துளை. காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கடைசியில் என் உடம்பின் எடை முழுவதும் உட்காரும் எலும்பின் மேலேயே இருந்திருக்கிறது. முதுகெலும்பில் அடிபட்டதிலிருந்து மார்புக்குக் கீழே உணர்வு கிடையாது, வலி வந்து எச்சரிக்கவும் வழி இல்லை. தோல் சிவந்ததை அம்மாதான் பார்த்தாள், அதற்குள் உள்ளே கெட்டுப்போயிருந்தது. மாதக்கணக்கில் குப்புறப் படுக்கை.

குப்புறப் படுத்தால் ஒரு காது எப்போதும் தலையணைக்குள். ஹெட்போன் போட்டால் கீழ்க்காது நசுங்கி எரியும். தம்பி ஒரு யோசனை செய்தான். சின்ன ஸ்பீக்கரைக் கட்டிலின் மரச்சட்டத்தில் ஒட்டிச் சாய்த்து வைத்தான். மேல்காதில் குரலும் தந்தியும் வரும். பேஸ் மட்டும் மரம் வழியாக ஏறி, தலையணையைத் தாண்டிக் கன்னத்தெலும்பில் வந்து உட்காரும். பழகப் பழக ஒவ்வொரு பேஸ் கிட்டார்க்காரரும் எந்த இடத்தில் விரலை எடுக்கிறார் என்றுகூட எனக்குப் பிடிபட ஆரம்பித்தது. பாட்டைத் தாண்டிப் போகவும் முடியாது, போனை எட்டக் கை நீளாது. எல்லா ஆல்பமும் முதலிலிருந்து கடைசி வரை ஓடியது. அண்ணன் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அந்த நாட்களில் என்னைத் தாங்கியவர் அமெரிக்க சோல் பாடகர் கர்ட்டிஸ் மேஃபீல்ட். உனக்கு அவருடைய சினிமாப் பாட்டுகள் தெரியும். நான் சொல்வது 1971-இல் வந்த அவருடைய நேரடிப் பதிவு, "கர்ட்டிஸ் லைவ்". நியூயார்க்கில் பிட்டர் எண்ட் என்ற சின்ன கிளப்பில் பதிவானது. மேடையில் ஐந்து பேர்தான். எவருமே சத்தமாக வாசிப்பதில்லை. அவர் ஒரு வரி பாடினால் கூட்டத்தில் யாரோ ஒரு வார்த்தை பதில் சொல்கிறார், அவர் அதையும் காதில் வாங்கிக்கொண்டு அடுத்த வரிக்குப் போகிறார். கிட்டாரைத் தானாகவே கற்றுக்கொண்டவர் அவர். பியானோவின் கறுப்புக் கட்டைகளுக்கு ஒத்து வரும்படி தந்திகளைச் சுருதி சேர்த்து வைத்திருந்தார். அதனால் அந்தக் கிட்டாரை வேறொருவர் வாங்கி வழக்கம்போல் வாசிக்க முடியாது.

1990 ஆகஸ்டில் புரூக்ளினில் ஒரு திறந்தவெளிக் கச்சேரியில், காற்றில் மேடை விளக்குச் சட்டம் சரிந்து அவர்மேல் விழுந்தது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. கிட்டார் அன்றோடு போயிற்று. அப்புறம் 1996-இல் "நியூ வேர்ல்ட் ஆர்டர்" என்ற ஆல்பம் வந்தது. அதை எப்படிப் பாடினார் என்று எனக்கு முன்பே தெரியும், ஆனால் படுத்துக்கொண்டு கேட்டபோதுதான் உறைத்தது. மல்லாந்து படுத்து, ஒவ்வொரு வரியாகப் பாடிப் பதிவு செய்திருக்கிறார்.

இதில் மூச்சின் சங்கதி ஒன்று இருக்கிறது. கழுத்தில் அடிபட்டால் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் வயிற்றுத் தசைகளும் கைவிட்டுவிடும். நுரையீரலுக்குக் கீழே இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் மட்டும்தான் மிச்சம். நிமிர்ந்து உட்கார்ந்தால் வயிறு முன்னால் தளர்ந்து, உதரவிதானமும் கீழே இறங்கிவிடும், மூச்சை இழுக்க அதற்கு இடம் இருக்காது. படுத்தால் அது மேலே ஏறி நிற்கும், ஓரளவு இழுக்கலாம். என் அடி மார்பு உயரத்தில்தான், ஐந்தாவது முள்ளெலும்பு, எனவே எனக்கு அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் இருமல் வலுவாக வராது. நல்ல சங்கதி விழுந்தால் "ஆஹா" என்று உரக்கச் சொல்ல முடியாது, உனக்கே தெரியும். அந்த ஆல்பத்தில் வரிக்கும் வரிக்கும் நடுவே அவர் எவ்வளவு நேரம் காத்திருந்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே கேட்டேன். பாட்டில் அந்தக் காத்திருப்பு தெரிவதே இல்லை, வரிகள் ஒன்றோடொன்று கோத்து வருகின்றன. குரல் முன்னைவிட மெலிந்திருக்கிறது, நிதானமாக இருக்கிறது. இரண்டு ஆல்பங்களையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார். பாவப்பட்டுக் கேட்காதே, அது அவருக்குச் செய்யும் அவமரியாதை.

இதே காரணத்துக்காக எனக்கு ராபர்ட் வயட் விஷயத்தில் பலரோடு சண்டை. சாஃப்ட் மெஷின் என்ற ஆங்கிலேய ராக் குழுவில் டிரம்ஸ்காரராக இருந்தவர். 1973 ஜூனில் ஒரு விருந்தில் நான்காவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. டிரம்ஸ் வாசிப்பதற்கு இரண்டு காலும் வேண்டும். ஒரு கால் பேஸ் டிரம்முக்கு, மறு கால் ஹை-ஹாட் என்ற இரட்டைத் தட்டுக்கு. அடுத்த ஆண்டு ஜூலையில் "ராக் பாட்டம்" வந்தது. பிங்க் ஃபிளாய்டின் டிரம்ஸ்காரர் நிக் மேசன்தான் தயாரிப்பு. எழுதுகிறவர்கள் எல்லாம் அந்த ஆல்பத்தை ஜன்னலிலிருந்தே ஆரம்பிக்கிறார்கள். ஆனால் அதிலுள்ள பாட்டுகளில் ஒரு பகுதி விழுவதற்கு முன்பே, வெனிஸில் ஒரு சின்ன கீபோர்டில் உருவாகத் தொடங்கியவை! முதல் பாட்டின் கடைசியில் சொல்லே இல்லாமல் மேலே மேலே போகும் அந்தக் குரலை விபத்தின் அழுகை என்கிறார்கள். எனக்கு அது காதல் பாட்டாகத்தான் கேட்கிறது. ஆல்பம் வெளிவந்த அதே நாளில் அவர் கல்யாணமும் செய்துகொண்டார் என்பதை ஏனோ யாரும் முதல் வரியில் எழுதுவதில்லை.

1974 செப்டம்பர் 8-ஆம் தேதி லண்டனில் டிரூரி லேன் அரங்கத்தில் அவர் செய்த கச்சேரியின் பதிவு 2005-இல்தான் வெளிவந்தது. எனக்குப் பிடித்த கச்சேரி எது என்று கேட்டால் நான் பிறக்கும் முன்பே முடிந்துபோன அதைத்தான் சொல்வேன். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அவர் பாடுகிறார், பின்னால் டிரம்ஸில் நிக் மேசனும் லாரி ஆலனும். தனக்குப் பழக்கமான இடத்தில் வேறு இருவர் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டே பாட வேண்டும். முதல் பாட்டில் குரல் கொஞ்சம் தயங்குவதுபோல் எனக்குத் தோன்றும், போகப் போகப் பிடித்துக்கொள்வார். அதே 1974-இல் ஒரு டிவி நிகழ்ச்சியில் சக்கர நாற்காலியோடு தோன்றினால் குடும்பங்கள் பார்க்கத் தகுந்ததாக இருக்காது என்று தயாரிப்பாளர் மறுத்திருக்கிறார். வயட் சண்டை போட்டு, நாற்காலியிலேயே உட்கார்ந்து பாடினார். எங்களை எங்கே உட்கார வைப்பது என்பதில் உலகத்துக்கு எப்போதும் ஒரு சங்கடம்.

சரி, பி பக்கத்துக்கு வருகிறேன்.

இதுவரை நான் போன அரங்கங்களில் சக்கர நாற்காலிக்கு ஒதுக்கிய இடம் எங்கே இருந்தது என்று உனக்குத் தெரியும், பாதி நேரம் நீதான் தள்ளிக்கொண்டு வந்தாய். கடைசி வரிசைக்குப் பின்னால், கதவோரம். இல்லாவிட்டால் ஸ்பீக்கருக்கு நேர் கீழே. கூட வந்தவனுக்கு எங்கோ வேறு வரிசையில் சீட்டு. பிடித்த பாட்டு ஆரம்பித்ததும் எல்லோரும் எழுந்து நிற்பார்கள், எனக்கு முதுகுகள்தான் தெரியும். நல்ல பாட்டு எது என்பது எனக்கு மேடையைவிட அந்த முதுகுகளில்தான் முதலில் தெரியும். லிஃப்ட் இருக்கும், சாவி வைத்திருப்பவர் இருக்க மாட்டார். கழிப்பறைக்குச் "சிறப்பு" என்று பலகை இருக்கும், உள்ளே உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருப்பார்கள்.

இது சௌகரியப் பிரச்சினை என்று நினைக்கிறார்கள். ஆறாவது மார்பு முள்ளெலும்பிலோ அதற்கு மேலேயோ அடிபட்டவனுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பி, வெளியேற வழி இல்லாமல் இருந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். மண்டை வெடிக்கும், முகம் சிவந்து வியர்க்கும், கவனிக்காமல் விட்டால் பக்கவாதம் வரை போகும். அன்று நடுக்கச்சேரியில் உன்னை இழுத்துக்கொண்டு வெளியே ஓடியது இதற்குத்தான். நீ இன்றுவரை அந்தக் கடைசிப் பாட்டுக்காக என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாய்.

சனிக்கிழமை வேறு மாதிரி இருந்தது. பக்கவாட்டில், வாசிப்பவர்களிடமிருந்து பத்தடி தூரத்தில், மேடையை ஒட்டியே ஒரு சின்ன மேடை. அதில் மூன்று நாற்காலிகள் நிற்க இடம், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கூட வருபவருக்கு ஒரு சாதாரண நாற்காலி. தம்பி என் பக்கத்திலேயே உட்கார்ந்தான், அவன் என் காதில் தாளம் தப்பாகப் போட்டுக்கொண்டே இருந்தான். வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், கஞ்சிரா. கச்சேரி ஆரம்பிக்குமுன் மிருதங்கக்காரர் தொப்பியில், அதுதான் மிருதங்கத்தின் இடது பக்கத் தோலில், ரவையைப் பிசைந்து அப்புவதைப் பார்த்தேன். அப்பி, தட்டிப் பார்த்து, விரல் நகத்தால் கொஞ்சம் வழித்தெடுத்து, மறுபடி தட்டினார். அந்தத் துளி போனதும் ஒலி இறுகியது. இத்தனை வருடம் கேட்டிருக்கிறேன், அந்த வித்தியாசம் நடக்கும் நொடியை இப்போதுதான் பார்க்கிறேன்.

தாளக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் கஞ்சிராக்காரர் தோலின் உள்பக்கத்தில் தண்ணீர் தடவி, இடது கை விரல்களால் விளிம்பருகே அழுத்தி அழுத்தி குமுகி என்கிற அந்த வளையும் நாதத்தை இழுத்தார். ஒலி கீழே வழுக்கிக்கொண்டு போனது. உனக்கு ஒன்று சொன்னால் நம்ப வேண்டும். எனக்கு அதிர்வு மார்பின் பாதி வரைதான் தெரியும், அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. ஆனால் மேடையோடு மேடை ஒட்டியிருந்ததால் பலகை வழியாக நாற்காலிக்கு அதிர்வு வந்தது. சக்கரத்தின் கைப்பிடி வளையத்தில் கை வைத்திருந்தேன், தொப்பி முழுதும் உள்ளங்கையில் இறங்கியது. இடது கால் தானாகவே துடிக்க ஆரம்பித்தது. ஸ்பாஸம்தான், அதிர்வு பட்டால் வரும். தம்பி பயந்து காலைப் பிடிக்க வந்தான். விடுடா என்றேன். தாளவாத்தியக் கலைஞர் ஈவ்லின் கிளென்னி பன்னிரண்டு வயதில் காது கேட்காமல் போன பிறகும் வெறுங்காலோடு மேடையில் நின்று தரையின் அதிர்வில் வாசிக்கிறார் என்று படிக்கும்போது எனக்கு ஆச்சரியம் மட்டும்தான் இருந்தது. இப்போது கொஞ்சம் புரிகிறது.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உன் ஊரில் நீங்கள் நடத்தப்போகும் கச்சேரி. நீ கமிட்டியில் சேர்ந்ததும், "உனக்காக ராம்ப் போடச் சொல்லிவிட்டேன்" என்று எழுதியதும் படித்து நெஞ்சு நிறைந்தது. ஆனால் என் நாற்காலி நிற்கும் மேடையின் 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு ராம்ப் இரண்டு மீட்டர் நீளம் என்றிருக்கிறாய். டேய், அதில் ஏறினால் நாற்காலி பின்னால் மல்லாந்துவிடும். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும். 7.2 மீட்டர். இடம் இல்லையென்றால் நடுவில் திருப்பிக்கொள், திரும்பும் இடம் மட்டும் சமதளமாக இருக்கட்டும்.

அந்த 60 சென்டிமீட்டரைக் குறைக்காதே. உட்கார்ந்திருக்கும் என் கண் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நிற்பவர்களின் தலை 1.7 மீட்டர். கூட்டம் எழுந்து நின்றாலும் எனக்கு மேடை தெரிய வேண்டும் என்றால் அந்த உயரம் வேண்டும். பக்கத்தில் ஒரு நாற்காலி கட்டாயம். சாயங்காலம் ஆரம்பி. மார்புக்குக் கீழே எனக்கு வியர்க்காது, வெயிலில் உடம்பு சூடேறினால் இறங்காது. கழிப்பறையை முந்தின நாளே நீயே போய்த் திறந்து பார், யாரிடமும் கேட்டு நம்பாதே.

இதையெல்லாம் எனக்காக மட்டும் செய்யாதே. சனிக்கிழமை என் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார், வாக்கரோடு வந்தவர். பல வருடமாகக் கச்சேரிக்கே வரவில்லையாம், படி ஏற முடியாது என்று. தனி முடிந்ததும் அவர் எதுவும் பேசவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த பாட்டு முழுக்க விடவே இல்லை. உன் ஊரிலும் அப்படி எத்தனை பேர் வீட்டில் ரேடியோவோடு உட்கார்ந்திருக்கிறார்களோ. அறிவிப்பிலேயே "சக்கர நாற்காலிக்கு இடம் உண்டு" என்று போடு, யாரிடம் பேச வேண்டும் என்று ஒரு நம்பரும் போடு. எழுதாமல் விட்டால் யாரும் வர மாட்டார்கள், "பார், யாருமே வரவில்லை" என்று அடுத்த வருடம் கமிட்டி அந்த இடத்தைப் பிடுங்கிவிடும்.

நான் வருகிறேன். புதுக் குஷன் வந்துவிட்டது, தினமும் காலையில் அம்மா கையை விட்டுக் காற்று பார்க்கிறாள். தம்பி ஓட்டிக்கொண்டு வருவான், அவனுக்கும் ஒரு பாய் போட்டு வை. ராம்ப்புக்கு அளவு எடுத்துப் படம் போட்டு அனுப்பு, பலகை அறுப்பதற்கு முன்னால். டிரூரி லேன் பதிவைத் தம்பி உனக்கு அனுப்புவான். நேரடிப் பதிவு என்றால் பிசிறு, ஸ்டுடியோதான் சுத்தம் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாய் அல்லவா? இதைக் கேட்டுவிட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்