சம்பளத்தில் கை வைக்காதீர்கள்: ராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

போர் முடிந்து படைகளை வீட்டுக்கு அனுப்பும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். பால்வினை நோய்ப் பிரிவில் பல வருடம் ரத்தம் எடுத்தவன் நான். அங்கே வருகிறவர் நேராக வரமாட்டார். பக்கத்துப் பிரிவின் வரிசையில் நிற்பதுபோல் நிற்பார்; கூட்டம் குறைந்ததும் நழுவி உள்ளே வருவார். பேர் கேட்டால் ஒரு நொடி யோசிப்பார். சொல்லப்போவது சொந்தப் பேர் இல்லை என்று அப்போதே தெரிந்துவிடும். நான் திருத்தியதில்லை. எந்தப் பேரில் வந்தாலும் ரத்தம் ஒன்றுதானே.

படைவீரருக்கு அந்தச் சின்னப் பொய்க்குக்கூட வழியில்லை. அவருடைய எண், பிரிவு, சம்பளக் கணக்கு எல்லாம் உங்கள் கையில். அமெரிக்காவில் 1912-இல் ஒரு சட்டம் போட்டார்கள்: இந்த நோயால் பணிக்கு வராத நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. நோயை மறைக்கத்தான் அது சொல்லிக்கொடுத்தது. கடைசியில் 1944-இல் அதை எடுத்துவிட்டார்கள். அதற்குள் இரண்டு உலகப் போர் வந்துவிட்டது!

படை கலையும் நேரம்தான் ஆபத்தானது. 1495-இல் நேப்பிள்ஸைப் பிடித்த பிரெஞ்சு அரசர் எட்டாம் சார்லஸின் கூலிப்படை கலைந்து ஆளாளுக்கு ஊர் திரும்பியது; சில வருடங்களில் மேகப்புண் (சிபிலிஸ்) ஐரோப்பா முழுக்கப் பரவிவிட்டது. இத்தாலியர் அதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். நாமும் சளைத்தவர்களா என்ன, பறங்கிப்புண் என்று பேர் வைத்து வெள்ளைக்காரன் தலையில் கட்டிவிட்டோம்.

முதல் உலகப் போரில் நியூசிலாந்துக்காரி எட்டி ரவுட் ஆணுறை, களிம்பு அடங்கிய பொட்டலம் ஒன்றைத் தயாரித்தார். 1917 கடைசியில் அவர் நாட்டுப் படையே அதை ஏற்று, விடுப்பில் போகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. ஊரிலோ அவர் பேரை அச்சிட்டால் பத்திரிகைக்கு நூறு பவுண்டு அபராதம். 1918-இல் அவர் பாரிஸ் ரயில் நிலையத்தில் நின்று, வந்திறங்கும் வீரர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்த வேலையைச் செய்யத்தான் உங்களைக் கேட்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? விடைபெறும் நாளில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டால் போதாது. மேகப்புண் வெளியே தெரியச் சராசரியாக மூன்று வாரம் ஆகும். 90 நாள் வரைகூட இழுக்கும். போன வாரம் தொற்றியது இன்றைய சோதனையில் அகப்படாது. அந்தப் புண்ணுக்கு வலியும் இருக்காது, தானாகவே ஆறிவிடும். ஆறியதைக் குணம் என்று நம்பிப் போனவரிடமிருந்து மனைவிக்குத் தொற்றி, தாயின் வயிற்றிலேயே பிள்ளையிடமும் நோய் சேர்ந்துவிடலாம். ஆரம்பத்திலேயே பிடித்தால் பெனிசிலின் ஒரு தடவை போட்டாலே போதும். வெட்டை நோய்க்கு (கொனோரியா) இப்போது பெனிசிலின் கேட்பதில்லை, வேறு மருந்து வேண்டும். பெண்களுக்கு அது பெரும்பாலும் வெளியே தெரிவதே இல்லை. அதனால் மனைவிக்கும் சேர்த்தே சிகிச்சை கொடுங்கள். அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல்.

மூன்று மாதம் கழித்து இரண்டாவது சோதனை அவசியம். எச்.ஐ.வி.யையும் அப்போது உறுதியாகப் பார்த்துவிடலாம். பக்கத்தில் உள்ள எந்த மருத்துவமனையிலும், ராணுவ எண் கேட்காமல், இலவசமாகச் செய்ய வேண்டும். அப்புறம், அதற்கு அனுப்பும் கடிதத்தின் உறைமேல் நோயின் பேரையோ பிரிவின் பேரையோ அச்சடிக்க வேண்டாம். வீட்டில் அதை முதலில் யார் கையில் வாங்குவார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

இப்படிக்கு,
ரத்தம் எடுத்த ஒருவன்