பொழிச்சலூர், நமது தெருக் குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். இந்த ஆண்டு செயற்குழு ஐந்து முறை கூடியது. கொடியேற்றம், கோலப்போட்டி, கொசு மருந்து அடித்தல் வழக்கம்போல் நடந்தன. மழைநீர் வடிகாலுக்கு மனு கொடுத்திருக்கிறோம்.

காற்றில் உள்ள தூசி, புகைத் துகளை அளக்கச் சங்கப் பணத்தில் வாங்கிய மீட்டர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தப் பணம் வீணாகிவிட்டது என்று பேச்சு இருக்கிறது. விடியற்காலை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து விமான நிலையத்திலிருந்து மண்ணெண்ணெய் வாடை வருவது நம் எல்லோருக்கும் தெரியும். அதை அளக்கத்தான் மீட்டரை வீடு வீடாகக் கொண்டுபோய் வைத்தேன். கடைசி வீட்டுப் படுக்கையறையில் வாடை மூக்கில் ஏறியபோதும் எண் அசையவில்லை. அதே அறையில் இரவு கொசுவர்த்தி கொளுத்தினார்கள், எண் மளமளவென்று ஏறியது. "அப்போ ஃபிளைட்டால ஒண்ணுமில்ல, கொசுவர்த்திதான்" என்று சிலர் முடிவு கட்டிவிட்டார்கள்.

அது தவறு. கொசுவர்த்தியை நிறுத்த வேண்டும், சரி. ஆனால் விமான எஞ்சின் கக்கும் துகள்களில் பெரும்பாலானவை 0.1 மைக்ரானுக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியவை. ஒளியை வைத்து அளக்கும் நம் மீட்டர் கண்ணில் அவை படாது. லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையம் பற்றி 2014இல் வெளியான ஆய்வில், காற்று போகும் திசையில் 16 கி.மீ. வரை துகள்களின் எண்ணிக்கை, விமானப் புகை படாத இடத்தைவிடக் குறைந்தது இரண்டு மடங்காக இருந்தது. நமக்கோ மொட்டை மாடியில் நின்றால் விமானத்தின் சக்கரமே தெரிகிறது. நம் நாட்டின் 2009 காற்றுத் தரநிலையில் பிஎம் 2.5க்கு, அதாவது 2.5 மைக்ரானும் அதற்குச் சிறியதுமான துகளுக்கு, ஒரு நாள் சராசரி கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்று எடைக்கு வரம்பு உண்டு. விமானம் கக்கும் இந்த மீநுண் துகளின் எண்ணிக்கைக்குத் தனி வரம்பே இல்லை. அதனால்தான் துகளை எண்ணும் கருவி கொண்டுவந்து அளக்கச் சொல்லி மூன்று முறை மனு கொடுத்தேன். பதில் வரவில்லை. மனுவில் கையெழுத்து கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது, உள்ளே டிவி ஓடியும் கதவு திறக்காத வீடுகள் உண்டு.

போகிக்கு டயர் எரிக்க வேண்டாம் என்று நோட்டீஸ் கொடுத்தோம். 2018 போகிப் புகையில் சென்னைக்கு வந்த விமானங்கள் வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டது நினைவிருக்கும். இந்த முறையும் இரண்டு இடங்களில் டயர் எரிந்தது.

வரவு செலவு சரிபார்க்கப்பட்டது, கையிருப்பு சொற்பம். 62 வீடுகளில் 23 வீட்டுச் சந்தா பாக்கி. பொதுக்குழுவுக்கு வந்தவர்கள் 14 பேர்.

தலைவர், பொருளாளர், கூட்டத்துக்கு மாடியைத் தந்த குடும்பத்தார் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு அந்தத் துகள் மனுவோடு அலைய என் முழங்கால் ஒத்துழைக்குமா தெரியவில்லை. இளைஞர் யாராவது கூட வந்தால் போதும், கோப்பு தயாராக இருக்கிறது. மீட்டர் என் வீட்டில்தான் இருக்கிறது. சந்தா பாக்கி உள்ளவர்களும் ஒரு வாரம் வாங்கிப் போய் வைத்துப் பார்க்கலாம்.