உன் நாய்க்கு வந்த எலிக்காய்ச்சல்

அன்புள்ள சேகர்,

மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்துச் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் உன் நாய் மணியின் சேதி வந்துவிட்டது. லெப்டோஸ்பைரோசிஸ், அதாவது எலிக்காய்ச்சல் என்று மருத்துவர் சொன்னதும், நாயை யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததாக எழுதியிருக்கிறாய். அவசரப்படாதே. போன மழைக்காலத்தில் எங்கள் ஜிம்மிக்கும் இதுதான். சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருக்கும். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறெல்லாம் மஞ்சள்.

இந்தக் கிருமி சிறுநீரகத்தில் தங்கி மூத்திரத்தில் வெளியேறுவது. எலி மூத்திரம் கலந்த தேங்கின தண்ணீரிலிருந்து நாய்க்கு வரும். நாயின் மூத்திரம் நம் கைக்காயத்திலோ கண்ணிலோ வாயிலோ பட்டால் நமக்கும் வரலாம். நாயிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது அபூர்வம்தான், ஆனாலும் அலட்சியம் கூடாது. தடவிக்கொடுப்பதில் பயமில்லை, மூத்திரத்தில்தான் கவனம் வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு, 1 பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 10 பங்கு தண்ணீர் கலந்து துடை. குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சாதே, தெறிக்கும். ஈர மண்ணில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும் கிருமி, காய்ந்த இடத்தில் சீக்கிரம் செத்துவிடும். அதனால் மூத்திரம் போக வெயில் படும் இடத்துக்கே கூட்டிப்போ.

கிருமியைக் கொல்லும் டாக்சிசைக்ளின் மாத்திரையை 2 வாரமும் முழுசாகக் கொடு. ஜிம்மி ஓடியாட ஆரம்பித்ததும் என் மனைவி மாத்திரையை நிறுத்தப் பார்த்தாள். நாய் தெளிந்த பிறகும் கிருமி சிறுநீரகத்தில் ஒளிந்திருக்கும் என்று மருத்துவர் விளக்கிய பிறகுதான் கேட்டாள். குணமானதும் தடுப்பூசியும் போட்டுவிடு, வருஷம் தவறாமல். இந்தக் கிருமியின் எல்லா வகையையும் அது தடுக்காது என்றாலும் போடத்தான் வேண்டும்.

அப்புறம், அடுத்த ஒரு மாதத்துக்குள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால், நாய்க்கு இந்த நோய் இருந்ததை நீயே மருத்துவரிடம் சொல். பார்ப்பதற்கு டெங்கு மாதிரியே இருக்கும். அவராக நாயைப் பற்றிக் கேட்கப் போவதில்லை.

உன் அண்ணனுக்கு மண்ணீரலை எடுத்துவிட்டார்கள் இல்லையா? அவர் விஷயம் வேறு. நல்ல ஆரோக்கியமான நாயின் எச்சிலிலேயே கேப்னோசைட்டோபேகா என்றொரு பாக்டீரியா உண்டு. நமக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. மண்ணீரல் இல்லாதவருக்கு ரத்தத்தில் பரவி உயிருக்கே உலை வைக்கும். மணி அவர் காயத்தை நக்க விடாதே. கடித்தால், கீறல்தானே என்று விடாமல் அன்றே மருத்துவரைப் பார்க்கச் சொல்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் மணியின் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் அளவு) எவ்வளவு என்று எழுது.

அன்புடன்,
முரளி