தெருப் பந்தயம்: ஆய்வை முன்கூட்டியே முடியுங்கள்

ஐயா,

2024 ஆகஸ்ட் 31 அன்று சென்னைத் தீவுத்திடல் கார் பந்தயப் பாதைக்கு, உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் சான்று தாமதமாகி, முதல்நாள் அட்டவணை குலைந்தது. அன்று பெய்த மழையை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. 3.5 கி.மீ., 19 வளைவுகள் கொண்ட தெருப்பாதையின் ஆய்வைப் பந்தய நாள்வரை இழுத்தால், தடுப்புச்சுவர் இடைவெளியையோ வேலிக்கம்பியையோ திருத்த நேரமிருக்காது. சாக்கடை மூடிகளைப் பற்றவைத்து, மறுபடி தட்டிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் லாஸ் வேகஸில் 2023 நவம்பரில் ஃபார்முலா 1 தெருப் பந்தயத்தின் முதல் பயிற்சி சில நிமிடங்களிலேயே நின்றது தண்ணீர் வால்வு மூடி பெயர்ந்ததால்தான்.

பந்தயம் இரவுக்குத் தள்ளிப்போனால் காலையில் வந்த மார்ஷலே (பாதையோரப் பாதுகாப்புப் பணியாளர்) கொடி பிடிக்கிறார். களைத்த கண்ணுக்கு, ஆபத்தை எச்சரிக்கும் மஞ்சள் கொடி ஒரு நொடி தாமதம். ஒவ்வொரு மார்ஷல் சாவடிக்கும் மாற்று அணி வேண்டும். வேலியடியில் நாய் நுழையும் சந்துக்கும் ஓர் ஆள்!

— ஒரு வாசகர், சென்னை