கண்ணால் பார்த்ததை மட்டும்

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. ஒரு மாணவனின் வேலையை நான் மதிப்பிடுகிற முதல் தடவை அந்த வாரம்தான் இருந்தது. அது முடியட்டும், பிறகு ஆறுதலாக எழுதலாம் என்று விட்டுவிட்டேன். வீட்டில் எல்லோரும் சுகம். சின்னவளுக்கு வருகிற கோடையில் ஜிசிஎஸ்இ பள்ளிப் பரீட்சை. இரவில் சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கத்தில் அவள், மறுபக்கத்தில் நான், இரண்டு பேரும் கொப்பியோடு இருக்கிறோம்.

நீ அங்கே இலங்கையில் என்விகியூ, அதாவது தேசிய தொழில் தகைமைக்கு, ஆட்களின் வேலையைப் பார்த்துத் தேர்ச்சி சொல்கிற மதிப்பீட்டாளராகப் பதிவு செய்யப் போகிறாய் என்று வாசித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஒரே வாங்கில் இருந்து வயரிங் படித்த நாங்கள், இந்த வயதில், இரண்டு நாடுகளில் இருந்துகொண்டு ஒரே வேலைக்குத் தயாராகிறோம்.

இங்கே பிரிட்டனில் இதற்கு மூன்று படி இருக்கிறது. கற்பிப்பதற்கு ஒரு மூன்றாம் நிலைத் தகைமை, மதிப்பிடுவதற்கு இன்னொரு மூன்றாம் நிலை, மற்ற மதிப்பீட்டாளர்களின் வேலையைச் சரிபார்க்க நான்காம் நிலை. முதலாவதை முடித்துவிட்டேன். இப்போது இரண்டாவதில் நிற்கிறேன்.

முதல் படியில் 15 நிமிடம் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். கூடப் படித்தவர்களில் ஒருவர் சிகை அலங்காரம் செய்பவர், இருவர் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர்கள், ஒருவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் பழக்குபவர். நான் எடுத்த பாடம் 13 ஆம்ப் பிளக்குக்கு வயர் பூட்டுவது. பாடத் திட்டத்தில், 'பிளக் வயரிங்கைப் புரிந்துகொள்வார்கள்' என்று எழுதியிருந்தேன். ஆசிரியை அந்தச் சொல்லைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு, "புரிந்ததா இல்லையா என்று எதைப் பார்த்துச் சொல்வீர்கள்?" என்று கேட்டார். அன்று இரவு முழுக்க அதே யோசனை. மறுநாள் மாற்றி எழுதினேன்: மூன்று வயரையும் அடையாளம் காட்டுவார்கள், உரிய முனையில் பூட்டுவார்கள், எர்த் வயரை ஏன் கொஞ்சம் நீளமாக விடுகிறோம் என்று சொல்வார்கள். யாராவது வயரைப் பிடித்து இழுத்தால் கடைசியாகக் கழன்று வருவது எர்த்தாக இருக்க வேண்டும், உனக்குத் தெரியாததா! முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற ஒரு அக்கா, தான் பூட்டிய பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதைப் பார்த்த பிறகுதான் கற்பிக்கிற ஆசை எனக்குள் நன்றாக ஊறிவிட்டது.

மதிப்பீடு வேறு மாதிரி, மச்சான். அது என்னை உலுக்கிவிட்டது.

குறைந்தது இரண்டு மாணவர்களையாவது நான் மதிப்பிட வேண்டும். உண்மையான இடத்தில் உண்மையான வேலை செய்யும்போது பார்க்க வேண்டும். எனக்கு இன்னும் தகைமை இல்லாததால், நான் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் தகைமை உள்ள ஒருவர் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். முதல் மாணவன் இருபது வயதுப் பெடியன். ஒரு ஃபிளாட்டில் பழைய சொக்கெட்டை மாற்றுகிறான். பிரேக்கரை இறக்கினான், பூட்டுப் போட்டான், சாவியைத் தன் பையில் வைத்தான், எச்சரிக்கை அட்டை தொங்கவிட்டான். டெஸ்டரைச் சோதிப்பதற்கென்றே உள்ள புரூவிங் யூனிட் என்ற சின்னக் கருவியில் வைத்து, டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்த்தான். பிறகு சொக்கெட்டில் லைவுக்கும் நியூட்ரலுக்கும், லைவுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் வைத்துப் பார்த்தான். கரண்ட் இல்லை. டெஸ்டரைக் கீழே வைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

புரூவிங் யூனிட்டில் இரண்டாம் முறை பார்க்கவில்லை. இடையில் டெஸ்டரே பழுதாகியிருந்தால்? பழுதான டெஸ்டர் கரண்ட் உள்ள வயரையும் இல்லை என்றுதான் காட்டும்.

என்னோடு வேலைக்கு வருகிற பெடியன் என்றால் கண்ணாலேயே காட்டியிருப்பேன். அவனும் என் முகத்தைத்தான் பார்த்தான். நான் கண்ணைக் காட்டினால் அந்தச் சோதனை அவன் செய்ததாகாது. ஆனால் ஆபத்து இருக்கிற இடத்தில் பேசாமல் நிற்கவும் கூடாது. "நில்" என்றேன். 'இன்னும் தேர்ச்சி இல்லை' என்று அந்தப் பகுதிக்கு எழுதினேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு வேனுக்குள் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "முதலில் எதற்காக டெஸ்டரைச் சோதித்துப் பார்த்தாய்?" பதில் சொல்லத் தொடங்கியவன் பாதியில் நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்தான். அவனுக்கே விளங்கிவிட்டது.

மற்றப் பகுதிகளுக்கு, 'கவனமானவன், நன்றாகச் செய்தான்' என்று எழுதிக் கொடுத்தேன். அறிக்கை திரும்பி வந்துவிட்டது. கவனம் என்பது என் அபிப்பிராயம். பூட்டுப் போட்டுச் சாவியைப் பையில் வைத்ததுதான் நான் பார்த்தது. அதை எழுத வேண்டும். இரண்டு பக்கம் மறுபடி எழுதினேன். எழுதும்போது அவன் செய்த வேலை எனக்கே இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

படங்களும் அப்படித்தான். தன் வேலைக்குச் சான்றாக அவன் சேர்த்த கோப்பில் சுவிச் பலகையின் படம் ஒன்று இருக்கிறது, அழகான வேலை. ஆனால் யாருடைய கை? எப்போது எடுத்தது? ஒரு படம் போதுமா? இதையெல்லாம் கேட்காமல் நான் ஒப்புக்கொள்ளக் கூடாது. நான் கேட்டேனா என்று பார்க்கத்தான் மூன்றாம் படிக்காரர், மதிப்பீட்டாளரின் வேலையைச் சரிபார்க்கிறவர். அவர் எல்லாக் கோப்பையும் பார்ப்பதில்லை, மாதிரி எடுத்துப் பார்ப்பார். என்னைப் போலப் புதியவர் என்றால் கூடுதலாகப் பார்ப்பார், வேலை முடியும்வரை காத்திராமல் இடையிலும் பார்ப்பார். சிலர் இதைச் சந்தேகம் என்று நினைத்துக் கோபப்படுகிறார்கள். எனக்கு அந்தப் புரூவிங் யூனிட்தான் ஞாபகம் வருகிறது. டெஸ்டரை முன்னுக்கும் பின்னுக்கும் சோதிக்கிற நாங்கள், மதிப்பிடுகிறவனைச் சோதிக்க வேண்டாம் என்று சொல்லலாமா?

இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். நான் இங்கே வந்தபோது என் படிப்புக்கு ஒரு மதிப்பும் இல்லை. வருடக்கணக்கில் அடுத்தவர் பெயரில்தான் என் வேலை போனது. 5 ஆண்டுக்கு மேல் அனுபவம் உள்ளவர்களுக்கு இங்கே ஒரு தனி வழி இருக்கிறது. அதில்தான் தகைமை எடுத்தேன். அன்று என் வேலையை மதிப்பிட வந்த மனிதர் ஆறு பக்கம் எழுதினார். என் கை என்ன செய்கிறது என்று ஒருவர் உட்கார்ந்து எழுதியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கங்களைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

முன்கற்றலை அங்கீகரிக்கிற வழியில், அதாவது வேலையிலேயே பழகியதை வைத்துத் தகைமை எடுக்க, உன்னிடமும் ஆட்கள் வருவார்கள். முப்பது வருடம் வீடு வீடாகக் கரண்ட் வேலை செய்து, ஒரு காகிதமும் இல்லாத ஐயாமார். பேசத் தெரியாது, எழுதவும் கூச்சம். அவர்களைக் கேள்வியால் மட்டும் மடக்கிவிடாதே மச்சான். வேலையைக் கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார். பார்த்ததை விடாமல் எழுது.

அங்கே மதிப்பீட்டாளருக்கு என்ன படிவம் தருகிறார்கள்? ஒரு பிரதி இருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பு, என்னுடையதையும் அனுப்புகிறேன். வியாழக்கிழமை அந்தப் பெடியனிடம் மறுபடி போகிறேன். நேற்று மெசேஜ் போட்டிருந்தான், புதிதாக ஒரு புரூவிங் யூனிட் சொந்தமாக வாங்கிவிட்டானாம்.

அன்புடன்,
உன் பழைய வாங்குக்காரன்