வெண்கொடிவேலி கேட்டேன், வந்தது வேறு செடி

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதே விஷயத்துக்காக நான் எழுதும் 4வது கடிதம் இது. முந்தைய மூன்றுக்கும் 'உங்கள் புகார் பதிவாகிவிட்டது' என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது.

நான் கேட்டது நிழலிலும் வளரும் மூலிகைச் செடியான வெண்கொடிவேலி, 24 கன்று. பெரிய மரங்களுக்கு அடியில், புல்கூடப் பிடிக்காத நிழலில் தரையை மூட வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதியிருந்தேன். நீங்கள் அனுப்பியது தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த நீலக்கொடிவேலியின் வெள்ளைப்பூ ரகம். அது நல்ல வெயில் கேட்கும் செடி, நிழலில் நட்டால் ஒல்லியாக நீண்டு வளரும், சரியாகப் பூக்காது. செடி விற்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும்தானே? தெரிந்தேதான் அனுப்பினீர்களா?

உங்கள் கஸ்டமர் கேரில் கடைசியாகப் பேசியவரை என்னால் மறக்கவே முடியவில்லை. "மேடம், வெள்ளைப் பூ கேட்டீங்க, வெள்ளைப் பூ வந்திருக்கு, இன்னும் என்ன வேணும்?" என்றார். சரி, தெரியாமல் கேட்கிறார் என்று பொறுமையாகவே விளக்கினேன். வந்ததன் இலை சின்னது, காம்புப் பக்கம் குறுகி நுனிப் பக்கம் அகன்றிருக்கிறது. நான் கேட்டதன் இலை பெரிது, முட்டை வடிவம், நுனி கூர்மை. பூ வந்தபின் பார்த்தால், வெண்கொடிவேலியின் புல்லிவட்டம் (பூவுக்கு அடியில் இருக்கும் பச்சை உறை) அடியிலிருந்து நுனிவரை பிசுபிசுவென்று ஒட்டும், இதில் மேல்பாதி மட்டும்தான் ஒட்டுகிறது, பூங்கொத்தும் நீளமாக வராமல் குட்டையாகக் கொத்தாக நிற்கிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பூவுக்கு அடியில தடவிப் பார்க்கிறதுதான் உங்க வேலையா?" என்று சிரித்து, போனை வைத்துவிட்டார். ஒரு வாடிக்கையாளரிடம் பேசும் பேச்சா இது?

அதற்கு முன்பு இன்னொருவர், ஒரு செடியை வேரோடு பிடுங்கி நீங்கள் செடிகளை அனுப்பும் கிடங்குக்கு எடுத்து வரச் சொன்னார். கொடிவேலி வேரில் பிளம்பாஜின் என்ற காரமான நச்சுப்பொருள் இருக்கிறது, சாறு தோலில் பட்டால் எரிந்து கொப்புளம் போடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, எனக்குத் தெரிந்ததால் தப்பித்தேன், தெரியாத ஒருவர் வெறுங்கையால் பிடுங்கியிருந்தால்? இரண்டு பஸ் மாறி, செடியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன். வாசலில் இருந்த காவலாளி, "திருப்பி எடுக்கிறது இங்கே இல்லைம்மா" என்றார். எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. பாவம், அவர் ஒருவர்தான் மரியாதையாகப் பேசினார்.

குழி தோண்டி, மக்கிய இலை போட்டு, இரண்டடிக்கு ஒன்றாக நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றிய உழைப்பெல்லாம் போய்விட்டது. மழை மண்ணை அரிக்கிறது, மரவேர் வெளியே தெரிகிறது. என் தோட்டமே பாழாகிவிட்டது என்றுதான் சொல்வேன்.

உங்களிடம் முன்பு வாங்கிய செடிகள் நன்றாகவே வந்தன, அதனால்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தயவுசெய்து சரியான 24 கன்றுகளை அனுப்புங்கள், போத்து (வெட்டிய கிளைத்துண்டு) நட்டு வேர் பிடித்தவையாக இருந்தாலும் போதும். இல்லையென்றால் அனுப்பிய செலவோடு முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். தவறான செடிகளை உங்கள் ஆள் வந்து எடுத்துப்போகட்டும், நான் இனி எங்கேயும் சுமந்து வரமாட்டேன். 7 நாளில் பதில் வராவிட்டால் ரசீது, படங்கள், போன் பேசிய நேரங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். அப்புறம், அந்த போன்காரர் என்னிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்