செவலைக்கு வேறு வீடு பார்த்தாகிவிட்டது, தம்பி

தம்பி,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். செவலை இப்போது என்னிடம் இல்லை. இங்கே சிங்கப்பூரிலேயே, சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் ஒரு தரைவீட்டில் இருக்கிறான். நன்றாக இருக்கிறான், ஒழுங்காகச் சாப்பிடுகிறான். போன வாரம் உரிமத்தையும் அந்த வீட்டு ஆன்ட்டி பெயருக்கு மாற்றியாகிவிட்டது, இனி சட்டப்படி அவன் அவர் நாய்.

இதை உனக்கு வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம். நீ ஒரு கட்டைவிரலை அனுப்பியிருப்பாய், அதோடு பேச்சு முடிந்திருக்கும். எனக்கு அது அப்படி முடிய வேண்டாம். ஊரே படிக்கிற இடத்தில் எழுதுவதால் உன் பெயர், கம்பெனி, எந்த சைட் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். புது நகரம் கட்டுகிற தெங்கா என்று மட்டும் சொல்வதில் தப்பில்லை, 700 ஹெக்டர் நிலத்தில் எந்த மூலை என்று யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள். நாய்க்குச் சோறு வைத்ததற்காக உன்னை யார் என்ன சொன்னார்கள் என்பதும் இங்கே வேண்டாம், உன்னோடு இருந்தவர்களில் சிலர் இன்னும் இங்கேதான் வேலை பார்க்கிறார்கள். 2020இல் கொரோனாவில் நீங்களெல்லாம் விடுதியில் அடைபட்டுக் கிடந்தபோது செவலைக்காக அந்த சைட் வேலியோரம் நான் எப்படிப் போய்வந்தேன் என்பதையும் எழுதப் போவதில்லை. உனக்குத் தெரியும், போதும்.

ஏன் கொடுத்தேன் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டேன் என்றுவிட்டார், இடித்துக் கட்டப் போகிறாராம். அதே நேரத்தில் என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அவருக்கு சுவா சூ காங்கில் நாலறை வீவக வீடு, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி. நாங்கள் அங்கே போய் அவரோடு இருப்பது என்று முடிவானது. முடிவானது என்றுதான் எழுத முடியும், யார் எப்போது முடிவெடுத்தார்கள் என்பதெல்லாம் வீட்டுப் பேச்சு, அத்தை பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு இதைப் படித்துக் காட்டச் சொல்வார். அத்தை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. செவலைக்கு மீன்தலை அவித்து முள் எடுத்துக் கொடுத்த கை அது.

வீவக வீட்டில் ஒரு நாய்தான் வைக்கலாம், அதுவும் அவர்கள் பட்டியலில் இருக்கிற சின்ன ரகமாக இருக்க வேண்டும். நம் தெருநாய்களுக்கு 2012இல் அடோர் திட்டம் என்று ஒரு வழி திறந்தார்கள், அப்போது 50 சென்டிமீட்டர் உயரம், 15 கிலோ எடை என்று வரம்பு. 2020 மார்ச்சில் எடையை எடுத்துவிட்டு உயரத்தை 55 ஆக்கினார்கள். எத்தனையோ நாய்களுக்கு அந்த ஐந்து சென்டிமீட்டரில் வாழ்க்கை கிடைத்தது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் செவலை 61. அளக்க வந்த தொண்டூழியப் பெண் தோள்பட்டை எலும்பின் மேல் கட்டையை வைத்தபோது அவன் இன்னும் நிமிர்ந்து நின்றான், முதுகை இறக்கடா என்று நான் மனசுக்குள் கெஞ்சுகிறேன், அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நிமிர்கிறான். பாவம், அந்தப் பெண் அவனை இடம் மாற்றி நிறுத்தி மறுபடியும் அளந்தாள். 61தான். பாதிச் சோற்றை அவனுக்கு வைத்தே அப்படி வளர்த்துவிட்டாய், தம்பி.

அதற்கப்புறம் வீடு தேடிய கதையை முழுதாகச் சொல்லி உன்னை வருத்த வேண்டாம். கிராஞ்சி பக்கம் ஒரு கிடங்குக்குக் காவலுக்கு வேண்டும் என்று ஒருவர் கேட்டார், பகலில் சங்கிலி, ராத்திரியில் அவிழ்த்துவிடுவார்களாம். ஜோகூரில் தோட்டம் இருக்கிறது, ஓடித் திரியும் என்றார் இன்னொருவர். சுங்கை தெங்கா காப்பகங்களில் கேட்டுப் பார் என்று எல்லோரும் சொன்னார்கள். அங்கே இருக்கிறவர்கள் ராப்பகலாக உழைக்கிறவர்கள்தான், ஆனால் மெத்தை ஓரத்தில் தலை வைத்துத் தூங்கிப் பழகியவனை மறுபடி கம்பிக்குள் விட எனக்கு மனசு வரவில்லை. "வயசுதான் ஆயிடுச்சே, ஒரு ஊசி போட்டு விட்டுடலாமே" என்று உறவில் ஒருவர் சொன்னார். சொன்னவரும் இதைப் படிப்பார். படிக்கட்டும். இதயப்புழுவுக்கு மாதக்கணக்கில் மருந்து கொடுத்து, ஓடாமல் குதிக்காமல் அடக்கிவைத்து, ராத்திரியெல்லாம் மூச்சு சீராக வருகிறதா என்று விலாவில் கைவைத்துப் பார்த்துக் காப்பாற்றிய உயிர் அது.

அந்த நாட்களில்தான் உனக்கு எழுதினேன், என்ன செய்யட்டும் என்று. இரண்டு நாள் கழித்து வந்தது: "உங்க இஷ்டம்க்கா."

அதைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. என் இஷ்டமா? என் இஷ்டம் என்றால் அவனை எதற்குக் கொடுக்கிறேன்? உனக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது, குழந்தை பிறந்திருக்கிறது, கஜா புயலில் போன தென்னைக்குப் பதில் வைத்த கன்றெல்லாம் இப்போதுதான் தலை எடுக்கிறது, எல்லாம் தெரிகிறது. ஆனால் இந்த நாயை என் கையில் கொடுத்தது நீ. வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லியிருந்தாலும் சண்டை போட்டிருப்பேன், கொடுத்துவிடுங்கள் என்றிருந்தாலும் ஒருவேளை சண்டை போட்டிருப்பேன். இரண்டுமில்லாமல் இஷ்டம் என்று சொல்லிவிட்டு நீ நகர்ந்துகொண்டாய்.

நீ நகர்கிற விதம் எனக்குத் தெரிந்ததுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்த்தேனே. மறுநாள் விடிகாலை உனக்கு விமானம். மழை அப்போதுதான் விட்டிருந்தது, கால் வைத்த இடமெல்லாம் செம்மண் அப்பிக்கொண்டது. வேனின் பின்கதவைத் திறந்து வைத்து நானும் வேன்காரரும் எவ்வளவோ கூப்பிட்டோம், கோழிக்கறி காட்டினோம், கழுத்தை மட்டும் நீட்டி மோந்துவிட்டுப் பின்னாலேயே போனான். நீ பூட்ஸைக் கழற்றி வேலியோரம் வைத்துவிட்டு வேனுக்குள் ஏறி உட்கார்ந்தாய். அவனைக் கூப்பிடக்கூட இல்லை. மத்தியானம் சாப்பிடாமல் வைத்திருந்த கேட்டரிங் பொட்டலத்தைப் பிரித்தாய், விடிகாலையில் கட்டிக்கொடுத்த சோறு, சாம்பாரில் ஊறிக் குழைந்துபோயிருந்தது. ஒரே தாவில் உள்ளே வந்து உன் மடியில் முன்னங்கால்களை வைத்தான். அவன் சாப்பிடச் சாப்பிட நீ இடது காதை மடக்கிப் பிடித்து உள்ளே இருந்த உண்ணிகளை நகத்தால் கிள்ளி எடுத்து ஒரு தண்ணீர் போத்தல் மூடியில் போட்டாய், மிளகுப் பருமனில், சாம்பல் நிறத்தில், ஒன்றிரண்டு கால்களை ஆட்டிக்கொண்டிருந்தன. அந்தக் காதை முடித்துவிட்டுத்தான் அடுத்த காதுக்குப் போனாய். விமானம் ஏறப்போகிறவன் மாதிரியே இல்லை. ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை.

லாரிக்காரர் ஹார்ன் அடித்தார். நீ பக்கக் கதவைத் தள்ளி இறங்கி, இறங்கிய வேகத்தில் அதை இழுத்துச் சாத்தி, "அக்கா, பின்னாடியும் சாத்துங்க, சீக்கிரம்" என்றாய். சாத்தினேன். அவன் சோற்றிலிருந்து தலையைத் தூக்கினான். நீ நாலாக மடித்த 50 வெள்ளி நோட்டு ஒன்றை என் கையில் திணித்தாய், "ஊசிக்கு வச்சுக்குங்கக்கா" என்றாய். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உன் ஒரு நாள் சம்பளத்தைவிட அது அதிகம் என்று எனக்குத் தெரியும். பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு அந்தச் சேற்றில் லாரிவரைக்கும் நடந்தாய். திரும்பிப் பார்க்கவில்லை.

வீடு வருகிறவரை அவன் குரைக்கவில்லை. நீ உட்கார்ந்திருந்த இடத்தை முகர்ந்துகொண்டே வந்தான்.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் ஊழியர்களை ஏற்றிக்கொண்டு எந்த லாரி எங்கள் தெருவில் போனாலும் எழுந்து போய் கேட் பக்கம் நிற்பான். இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன், உனக்குக் கஷ்டமாக இருக்கட்டும் என்றே சொல்கிறேன். கொஞ்ச நேரம் கஷ்டப்படு. அப்புறம் இதையும் தெரிந்துகொள், நீ அன்றைக்குத் திரும்பிப் பார்த்திருந்தால் நான் கதவைத் திறந்துவிட்டிருப்பேன். திறந்திருந்தால் அவன் தெங்காவிலேயே நின்றிருப்பான், 42,000 வீடுகள் வரப்போகிற இடத்தில் காடு வெட்ட வெட்ட அவன் எங்கே போயிருப்பான்? அவன் தாயை நம்மால் கடைசிவரை பிடிக்க முடியவில்லை. நீ செய்த அந்த வேலையால்தான் இவன் உயிரோடு இருக்கிறான். இதை எத்தனை பேர் முன்னாலும் சொல்வேன்.

சரி, அந்த வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஆன்ட்டி பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், சீனர். கணவரும் அவரும் மட்டும்தான். இதே மாதிரி ஒரு உள்ளூர் நாயைப் பதினான்கு வருஷம் வைத்திருந்திருக்கிறார்கள், அது போனதிலிருந்து அந்தத் தட்டு சமையலறை அலமாரியிலேயே இருந்தது. நான் சுவர் உயரம், கேட் கம்பி இடைவெளி எல்லாம் பார்த்தேன், கேட்டில் இரட்டைத் தாழ்ப்பாள் போடச் சொன்னேன், மறு வாரமே போட்டிருந்தார்கள். தனியார் தரைவீட்டில் மூன்று நாய்வரை வைக்கலாம், உயரக் கணக்கு கிடையாது. கருத்தடை செய்த நாய் என்பதால் உரிமத்துக்கு வருஷம் 15 வெள்ளிதான். குடை விரித்தால் பயப்படுவான், நீளமான கம்போடு யாராவது வந்தால் மேசைக்கடியில் போய்விடுவான், இடி இடித்தால் குளியலறையைத் திறந்து வைக்க வேண்டும், இதயப்புழு மாத்திரையை மாதம் தவறாமல் கொடுக்க வேண்டும், வாழைப்பழத்தில் வைத்தால் விழுங்குவான், மற்றபடி துப்பிவிடுவான் என்று எல்லாம் எழுதிக் கொடுத்தேன். உட்காரு, வா, போதும், இறங்கு என்பதை ஆங்கில எழுத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறார்கள். ஆன்ட்டி "போதும்" என்று சொன்னதும் அவன் நிஜமாகவே நிறுத்தினான். அங்கிள் சொன்னால் இன்னும் கேட்பதில்லை.

கடைசி நாள், அவன் சாப்பிடும்போது கிளம்பிவிடுங்கள், அதுதான் அவனுக்கு நல்லது என்று ஆன்ட்டி சொன்னார். நாய்ப் பயிற்சியாளரும் அதையேதான் சொன்னார். என்னால் முடியவில்லை. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை இருந்தேன். முகத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணு, நீ இனிமே இங்கதான் என்று சொன்னேன். அவனுக்குப் புரியாது என்று யார் சொன்னாலும் எனக்குக் கவலையில்லை. கேட்வரைக்கும் வந்தான். நான் பேருந்து நிறுத்தம் போகிறவரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவனை இன்னும் கலங்க வைத்தேனோ என்னவோ. ஆனால் சோற்றைக் காட்டிவிட்டு நழுவுவது அவனுக்கு இரண்டாவது தடவை நடக்கக் கூடாது என்று எனக்கு இருந்தது. இது உன்னைக் குத்துகிற பேச்சு இல்லை. அப்படித் தோன்றினாலும் பொறுத்துக்கொள்.

என்னை மன்னித்துவிடு என்று எழுத உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. அவனை நான் கைவிடவில்லை, அதனால் மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஆனால் உன்னிடம் "நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியாப் போ" என்று சொன்னவள் நான்தானே. அந்த வார்த்தைக்காக வருத்தப்படுகிறேன். உன் வேலை பெர்மிட் முடிந்தது, நீ போனாய். என் வாடகை ஒப்பந்தம் முடிந்தது, நான் கொடுத்தேன். நீயும் சரி, நானும் சரி, அவனை வைத்துக்கொள்ள நமக்கென்று ஒரு சொந்தத் தரை இருந்ததில்லை, தம்பி. ஊருக்குக் கூட்டிப் போகிறேன் என்று நீ சொல்லிக்கொண்டிருந்ததும், விமானச் செலவைக் கேட்ட பிறகு அதைப் பற்றிப் பேசாமல் விட்டதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்காக உன்னை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதே மாதிரி என்னையும் நீ நினைக்க வேண்டும்.

நேற்று ஆன்ட்டி பேசினார். எதிர்வீட்டை இடித்துக் கட்டுகிறார்களாம், சாயங்காலம் லாரி வந்தால் செவலை கேட்டுக்குப் போய் நிற்கிறான், ஏன் என்று கேட்டார். காரணம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், அந்தப் பையனை வீடியோவில் கூப்பிடச் சொல், அவன் பார்க்கட்டும் என்றார். உடனே வேண்டாம், புது இடம் பழகட்டும் என்கிறார் பயிற்சியாளர், அதனால் முதல் சில ஞாயிறுகளில் நீ குரல் கொடுக்கக் கூடாது, பார்த்துக்கொண்டு மட்டும் இரு. நான் அந்த வீட்டுக்கு ஞாயிறுதோறும் போவதாக ஏற்பாடு. இங்கே மாலை 7 மணி, உனக்கு நாலரை. அந்த நேரத்தில் உனக்கு அழைப்பு வரும். வயலில் இருக்கிறேன், கடையில் இருக்கிறேன் என்று சொல்லாதே. குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டே எடு, அதற்கும் அவனைக் காட்டு.

எடுக்கவில்லையென்றால் மறுபடி கூப்பிட மாட்டேன் என்று எழுதத்தான் நினைத்தேன். அடுத்த ஞாயிறும் கூப்பிடுவேன்.

அக்கா